"போய்ச் சேர்ந்தா போதும்": வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சென்ற இதழில் முதுமைத் தனிமையைப் பற்றி நாலு வரி எழுதியதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றி வந்தன. சிலர் வெளிப்படையாக எழுதியிருந்தார்கள், சிலர் "என் நண்பர் ஒருவருக்கு" என்று ஆரம்பித்திருந்தார்கள். அதனால் மூட்டுவலி, மலச்சிக்கல் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை வயதானவர்களுக்கு வரும் தற்கொலை எண்ணத்தைப் பற்றி மட்டும். பெயர், ஊர் போடவில்லை. படிக்கிற உங்களுக்கே அந்த எண்ணம் இருந்தால் மிச்சத்தை அப்புறம் படித்துக்கொள்ளலாம், முதலில் 14416-ஐ அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது.

கேள்வி: அம்மா இறந்து எட்டு மாதம் ஆகிறது. அப்பாவுக்கு வயது 74, தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், ஊரில் தனியாக இருக்கிறார். நான் சென்னையில். "எனக்கென்னம்மா, போய்ச் சேர்ந்தா போதும்" என்று முன்பெல்லாம் விளையாட்டாகச் சொல்வார். போன வாரம் ஊருக்குப் போனபோது பாஸ்புக், வீட்டுப் பத்திரம், எல்.ஐ.சி. பேப்பர் எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு என் கையில் கொடுத்துவிட்டார். அவர் உயிராக வைத்திருந்த ரேடியோவைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிட்டாராம். அவரிடம் நேரடியாகக் கேட்கலாமா? கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டது மாதிரி ஆகிவிடாதா?

கேளுங்கள்மா, இன்றைக்கே ஊருக்குப் போய்க் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் வந்துவிடும் என்பது நம் எல்லோருக்கும் உள்ள பயம்தான், ஆனால் ஆய்வுகளும் சரி, இந்த வேலையில் இருப்பவர்களின் அனுபவமும் சரி, அப்படி நடப்பதில்லை என்றுதான் சொல்கின்றன. பல நாளாக மனசுக்குள்ளேயே வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தவருக்கு ஒருவர் வாய்விட்டுக் கேட்டாலே பாதி மூச்சு வரும்.

நம் ஊரில் ஒரு சிக்கல் இருக்கிறது. "ஆண்டவன் என்னைக் கூப்பிட மாட்டேங்கிறானே", "எமன் கண்ணுக்கு நான் தெரியலை போல" என்று கிழவிகள் வெற்றிலை இடித்துக்கொண்டே சிரித்தபடி சொல்வார்கள், அதையெல்லாம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, பெரும்பாலும் எடுத்துக்கொள்ளவும் வேண்டியதில்லை. அதே வாக்கியத்தை ஒருவர் வேறு தொனியில் சொல்லத் தொடங்கும்போதுதான் நமக்குப் பிடிபடாமல் போகிறது. அதனால் சொல்வதை மட்டும் கேட்காமல் கூடவே என்ன செய்கிறார் என்று பாருங்கள். உங்கள் அப்பா கணக்கை முடிக்கிறார், பிரியமான பொருளைக் கொடுத்துவிடுகிறார். இரண்டும் கவனிக்க வேண்டிய அறிகுறிகள். சுகர், பிரஷர் மாத்திரையைத் தானாக நிறுத்திவிடுவது, சாப்பாட்டைக் குறைப்பது, விடியற்காலை மூன்று மணிக்கே விழித்து உட்கார்ந்திருப்பது, "நான் உங்களுக்கெல்லாம் பாரம்" என்ற பேச்சு, வழக்கமாகப் போகும் கோயிலுக்கோ டீக்கடைக்கோ போகாமல் விடுவது, இவையும்தான். ரொம்ப நாள் வாடிக் கிடந்தவர் ஒருநாள் காரணமே இல்லாமல் அமைதியாகி, எல்லோருக்கும் போன் போட்டு நன்றி சொன்னால் "அப்பாடா, தேறிட்டார்" என்று நாம் நினைப்போம். அங்கேதான் கூடுதல் கவனம் வேண்டும்.

எப்படிக் கேட்பது? சொந்தக்காரர் கூட்டத்தில் வேண்டாம், போனிலும் வேண்டாம். திண்ணையில், சாப்பிட்டு முடித்த பிறகு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "அப்பா, அந்தப் பையைக் கொடுத்ததில இருந்து எனக்கு மனசு சரியில்லை. உயிரை விட்டுடலாம்னு எப்பவாவது தோணுதாப்பா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவர் பேச நேரமாகும். நடுவில் "அதெல்லாம் நினைக்காதீங்க", "எங்களுக்கு என்ன குறை வச்சோம்", "பேரன் முகத்தைப் பாருங்க" என்று ஆரம்பித்தால் அவர் அதோடு மூடிக்கொள்வார், ஏனென்றால் உங்களை வருத்தப்பட வைத்துவிட்டோமே என்ற குற்ற உணர்ச்சியும் அவர் தலையில் ஏறிவிடும்.

"தோணுது" என்று சொன்னால், எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருக்கிறாரா என்பதையும் கேட்டுவிடுங்கள். யோசித்து வைத்திருந்தால் அவரைத் தனியாக விடக் கூடாது, ஆபத்தான மருந்து மாத்திரைகளோ வேறு பொருட்களோ கைக்கெட்டும் இடத்தில் இருக்கக் கூடாது, அன்றைக்கே மாவட்டத் தலைமை மருத்துவமனை மனநலப் பிரிவுக்கோ அருகிலுள்ள மனநல மருத்துவரிடமோ அழைத்துப் போக வேண்டும். ராத்திரி என்றால் அவசரப் பிரிவுக்குப் போகலாம், 108 இருக்கிறது. "இல்லைம்மா, சும்மா" என்று மழுப்பினாலும் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். "மனநலம்" என்றால் வர மாட்டார் என்று தோன்றினால் "தூக்கத்துக்குக் காட்டலாம்" என்று கூப்பிடுங்கள், பொய்யும் இல்லை, பெரும்பாலான முதியவர்கள் தூக்கம் என்றால் வந்துவிடுவார்கள்.

நான் ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்றால், இளவயதினரோடு ஒப்பிட்டால் முதியவர்களில் முயற்சி குறைவு, ஆனால் முயன்றவர்களில் பிழைப்பவர்களும் குறைவு. உடம்பு தாங்காது, வீட்டில் ஆள் இருக்காது, முன்கூட்டிச் சொல்லவும் மாட்டார்கள். உலக அளவில் பார்த்தாலும் பல நாடுகளில் தற்கொலை விகிதம் அதிகமாக இருப்பது 70 வயது தாண்டியவர்களிடம்தான். பேப்பரில் மாணவர்களைப் பற்றித்தான் படிக்கிறோம் என்பதால் இது நம் மனதில் பதிவதே இல்லை.

கேள்வி: எனக்கு 69 வயது. பென்ஷன் வருகிறது, சொந்த வீடு, பிள்ளைகள் வெளிநாட்டில் நன்றாக இருக்கிறார்கள். ஒரு குறையும் இல்லை. ஆனால் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரமானால் எதற்கு இருக்கிறோம் என்று தோன்றுகிறது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் "கொழுப்பு" என்பார்கள்.

அம்மா, நீங்கள் கடிதத்தில் எண் எழுதியிருந்ததால் எங்கள் அலுவலகத்தில் இருந்து உங்களோடு பேசிவிட்டோம், மருத்துவரைப் பார்க்க ஒப்புக்கொண்டதற்கு நன்றி. உங்களைப் போல எண் எழுதாமல் இருப்பவர்களுக்காகத்தான் இதை இங்கே போடுகிறேன்.

காசு பணம் இருக்கிறவர்களுக்கு மனச்சோர்வு வரக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. மூட்டு தேய்வதற்கும் ரத்த அழுத்தம் ஏறுவதற்கும் யாரும் "உனக்கு என்ன குறை" என்று கேட்பதில்லை, இதற்கு மட்டும் கேட்கிறார்கள். இந்தியா முழுக்க 2017-18-இல் நடந்த பெரிய முதுமை ஆய்வில், 60 வயது தாண்டியவர்களை உட்கார வைத்து முறையாகக் கேள்வி கேட்டுப் பார்த்தபோது ஏறக்குறைய நூற்றுக்கு எட்டுப் பேருக்கு மனச்சோர்வு நோயின் அடையாளங்கள் இருந்தன. "டாக்டர் எனக்கு மனச்சோர்வு என்று சொல்லியிருக்கிறார்" என்றவர்களோ நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. நடுவில் இருக்கிற அத்தனை பேரும் "வயசானா அப்படித்தான்" என்று விடப்பட்டவர்கள்.

இன்னொன்று, இந்த எண்ணம் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. ஏறும், இறங்கும். உங்களுக்கு விளக்கு வைக்கிற நேரம், இன்னொருவருக்கு விடியற்காலை. அந்த ஒரு மணி நேரத்தைத் தனியாகக் கழிக்காமல் பார்த்துக்கொள்வது இப்போதைக்குப் போதும்: தெருக்கோடி பூக்கடை வரை ஒரு நடை, பக்கத்து வீட்டு வாசலில் ஒரு அரட்டை, யாரும் கிடைக்காத நாளில் 14416 அல்லது சென்னையில் 1986-இல் இருந்து இதற்காகவே இயங்கும் சிநேகா அமைப்பின் 044-24640050. பேச என்ன இருக்கிறது என்று யோசிக்காமல் அழையுங்கள், எதிர்ப்பக்கம் இருப்பவர் பார்த்துக்கொள்வார்.

கேள்வி: மாமனாருக்கு மனநல மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பத்து நாள் ஆகியும் ஒரு மாற்றமும் இல்லை. இது பழக்கமாகிவிடும், நிறுத்திவிடு என்கிறார்கள் வீட்டில். நிறுத்தலாமா?

நிறுத்த வேண்டாம். மனச்சோர்வுக்கான மாத்திரை தலைவலி மாத்திரை மாதிரி அரை மணியில் கேட்காது. வேலை செய்யத் தொடங்கவே இரண்டு மூன்று வாரம் ஆகும், வயதானவர்களுக்கு முழுப் பலன் தெரிய இன்னும் சில வாரங்கள் கூடுதலாகவும் ஆகலாம். பழக்கமாகிவிடும் என்று பயப்பட வேண்டியது மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் வாங்குகிறோமே அந்தத் தூக்க மாத்திரைக்கு. அதுதான் பழக்கமாகும், ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தால் கீழே தள்ளியும் விடும். மனச்சோர்வு மருந்துகளில் சில, வயதானவர்களுக்கு ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கக்கூடும். திடீரென்று தடுமாற்றம், உளறல், அதிக அசதி என்றால் தாமதிக்காமல் மருத்துவரிடம் சொல்லி ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

மருத்துவர் தைராய்டு, பி12, ஹீமோகுளோபின் எல்லாம் பார்த்தாரா? பார்க்கவில்லை என்றால் கேளுங்கள். தைராய்டு குறைந்தாலே ஆள் மந்தமாகி மூலையில் உட்கார்ந்துவிடுவார். காதையும் பாருங்கள். காது கேட்காதவர் வீட்டுப் பேச்சில் கலந்துகொள்ள முடியாமல் ஒதுங்குகிறார், ஒதுங்குகிறவரை வீடு "அவருக்கு எதுவும் பிடிக்கிறதில்லை" என்று முடிவு கட்டிவிடுகிறது. கண்புரை, வலி இரண்டும் அப்படியே. வலியைத் தாங்கிக்கொள்வதில் நம் பெரியவர்களுக்கு ஒரு பெருமை இருக்கிறது, அந்தப் பெருமையால்தான் பல பேர் உடைந்து போகிறார்கள். தேசியக் குற்றப் பதிவகத்தின் 2022 அறிக்கைப்படி நாட்டில் நடந்த 1,70,924 தற்கொலைகளில் ஏறக்குறைய 18 சதவீதத்துக்கு நோயே காரணமாகப் பதிவாகியிருக்கிறது, எல்லா வயதையும் சேர்த்து. தமிழ்நாட்டில் மட்டும் அந்த ஆண்டு 19,834 மரணங்கள், மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம்.

மாத்திரை டப்பாவை மாமனாரிடம் மொத்தமாக விடாமல் ஒரு வாரத்துக்கு உண்டானதை மட்டும் எடுத்து வையுங்கள். பழைய, மீந்துபோன மாத்திரைகளை வீட்டில் சேர்த்து வைக்காதீர்கள்.

கேள்வி: வீட்டை மகன் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்து மூன்று வருடம் ஆகிறது. எழுதும்வரை "அம்மா, அம்மா" என்றான். இப்போது மாடிப்படிக்குக் கீழே கட்டில். மருமகள் தட்டைத் தரையில் நகர்த்தித் தள்ளுகிறாள். இப்படிச் சாப்பிடுவதைவிடச் செத்துவிடலாம் என்று தோன்றுகிறது. எழுதிக் கொடுத்தது கொடுத்ததுதானே?

இல்லைம்மா, கொடுத்தது கொடுத்ததுதான் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் என்று 2007-இல் இருந்து ஒரு சட்டம் இருக்கிறது. அதன் 23-ஆவது பிரிவுப்படி, பார்த்துக்கொள்வான் என்று எழுதிக் கொடுத்த சொத்தை, பார்த்துக்கொள்ளாவிட்டால் ரத்து செய்யலாம். பத்திரத்தில் "பராமரிக்க வேண்டும்" என்று நிபந்தனை எழுதியிருந்தால் வேலை சுலபம். எழுதாமல் விட்டவர்கள்தான் நம்மில் அதிகம், பெற்ற பிள்ளையிடம் நிபந்தனை போடுவதா என்ற கூச்சம். 2022-இல் உச்ச நீதிமன்றம் நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னது, ஆனால் 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் இது பெரியவர்களைக் காப்பதற்கான சட்டம், தாராளமாகத்தான் பொருள் கொள்ள வேண்டும் என்றது. அதே ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம், அன்பின் பேரில் எழுதிக் கொடுத்ததிலேயே பார்த்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனை அடங்கியிருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னது. ஆகவே உங்கள் வழக்கில் என்ன ஆகும் என்று நான் இங்கிருந்து அடித்துச் சொல்ல முடியாவிட்டாலும், மனு போடுவதற்கு வலுவான இடம் இருக்கிறது.

மனுவைக் கோட்டாட்சியரிடம், அதாவது ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். வெள்ளைத்தாள் போதும், பத்திர நகலும் ஆதார் நகலும் இணையுங்கள். நீங்களே போக முடியாவிட்டால் உங்களுக்காக வேறு ஒருவரோ ஒரு தொண்டு அமைப்போ கொடுக்கலாம். சொத்து வேண்டாம், மாதச் செலவுக்குப் பணம் வந்தால் போதும் என்றாலும் அங்கேயே கேட்கலாம், மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிடும் அதிகாரம் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. மனு எழுதத் தெரியவில்லையா, 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள், காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை.

"பெத்த பிள்ளை மேலயா கேஸ் போடுறது" என்று உங்களுக்குள் ஒரு குரல் கேட்கும், சொந்தக்காரர்களும் சொல்வார்கள். உங்கள் தட்டு தரையில் தள்ளப்பட்டபோது அவர்கள் எங்கே போயிருந்தார்கள் என்று கேளுங்கள். பல வீடுகளில் மனு போட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸில் இருந்து ஒரு கடிதம் வந்ததுமே கட்டில் உள்ளே வந்துவிடுகிறது. மரியாதையால் வந்ததா பயத்தால் வந்ததா என்று இப்போதைக்கு ஆராய வேண்டாம்.

மனு ஒரு பக்கம் போகட்டும். செத்துவிடலாம் என்று தோன்றுகிறது என்றீர்களே, அதற்கு 14416. இரண்டும் இரண்டு வேலை, ஒன்று முடிந்துதான் மற்றது என்று காத்திருக்காதீர்கள்.

கேள்வி: என் கணவருக்கு 81, மறதி நோய். என்னையே யார் என்று கேட்கிறார். எனக்கு 76, முழங்கால் வீக்கம். பிள்ளை இல்லை. எனக்கு ஏதாவது ஆனால் அவரை யார் பார்ப்பார்கள்? இரண்டு பேருமாகச் சேர்ந்து போய்விட்டால் யாருக்கும் தொல்லை இல்லை என்று யோசிக்கிறேன்.

அம்மா, இதை எழுதியபோது நீங்கள் எத்தனை நாள் தூங்காமல் இருந்தீர்களோ தெரியவில்லை. உங்கள் கடிதத்தில் "யாருக்கும் தொல்லை இல்லை" என்பது மூன்று இடத்தில் வருகிறது, "எனக்கு முடியவில்லை" என்பது ஒரு இடத்திலும் இல்லை. முடியவில்லை என்று சொல்லுங்கள், அதில் ஒரு கேவலமும் கிடையாது. மறதி நோயாளியைத் தனி ஆளாகப் பார்த்துக்கொள்பவர்களுக்கு மனச்சோர்வு வருவது மிகச் சாதாரணம், அதற்கு மருந்தும் ஆலோசனையும் உண்டு, உங்களுக்கே உண்டு, அவருக்காக மட்டும் டாக்டரைப் பார்த்தது போதும்.

சேர்ந்து போவது என்ற யோசனையில் ஒன்றை மட்டும் பாருங்கள்: அவர் அதற்குச் சம்மதம் சொல்லும் நிலையில் இல்லை. அது உங்கள் களைப்பு போடும் கணக்கு. அந்த எண்ணம் வலுத்தால் அன்றைக்கு யாரையாவது வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டு 14416-ஐ அழையுங்கள், தயங்காதீர்கள்.

அப்புறம் நடைமுறை. மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கித் தமிழ்நாடு முழுக்க வந்திருக்கிறது. அதில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும், இயன்முறை சிகிச்சை செய்பவரும் படுக்கையில் இருப்போருக்கான செவிலியரும் வருவார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்துவையுங்கள், கேட்காமல் வராது. பகலில் நான்கு மணி நேரம் ஒருவர் வந்து அவரோடு உட்கார்ந்தால் நீங்கள் தூங்கலாம். தெரிந்த பெண்மணி யாரையாவது சம்பளத்துக்கு வைக்க முடியுமா பாருங்கள். உங்களுக்கு ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று இரண்டு பெயரை எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவிடுங்கள், முதியோர் இல்லம் ஒன்றை இப்போதே போய்ப் பார்த்தும் வையுங்கள். சேருவதற்காக என்று நினைக்க வேண்டாம், "யார் பார்ப்பார்கள்" என்ற கேள்விக்கு ஒரு விலாசம் கையில் இருந்தால் ராத்திரி கொஞ்சம் தூக்கம் வரும்.

கேள்வி: ஓய்வு பெற்ற தமிழாசிரியன் நான், வயது 79. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாநோன்பிருந்து, உயிர்விட்டதைப் போற்றிப் பாடம் நடத்தியவன். தீராத நோய் வந்தால் மதிப்போடு விலகிக்கொள்வதைத் தற்கொலை என்று கொச்சைப்படுத்துவது ஏன்?

ஐயா, உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப்போவதில்லை. சோழன் வடக்கிருந்ததற்கு முன்னால் நடந்தது என்ன? பெற்ற பிள்ளைகளே அவன் மேல் படையெடுத்து வந்தார்கள், அவனும் அவர்களை எதிர்க்கக் கிளம்பினான், புலவர் ஒருவர் குறுக்கே வந்து தடுத்தார். மரியாதை உடைந்த ஒரு தகப்பனின் கதை அது. போற்றிப் பாடம் நடத்தும்போது இந்தப் பகுதியை நாம் கொஞ்சம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். அவனோடு வடக்கிருந்த நண்பர், புலவர் பிசிராந்தையார்தான், இத்தனை வயதாகியும் நரைக்கவில்லையே எப்படி என்று கேட்டவர்களுக்கு, மனைவி மக்கள் நல்லவர்கள், ஏவலர்கள் மனமறிந்து நடக்கிறார்கள், அரசன் ஒழுங்காகக் காக்கிறான், ஊரில் சான்றோர் பலர் இருக்கிறார்கள் என்று பதில் சொன்னவர். முதியோர் மனநலத்துக்கு என்ன வேண்டும் என்று இன்றைக்கு ஒரு பட்டியல் போட்டாலும் கிட்டத்தட்ட அதே நாலுதான் வரும்.

உங்கள் உண்மையான பயம் ஐ.சி.யூ.வில் குழாய்களோடு கிடப்பது என்றால் அதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. மீள வழியில்லாத நிலையில் உயிர்காக்கும் கருவிகளைத் தொடர வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைப்பதை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் ஏற்றுக்கொண்டது. 2023-இல் நடைமுறையையும் எளிதாக்கிவிட்டார்கள்: இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் கையெழுத்து, உங்கள் சார்பில் முடிவெடுப்பவர் யார் என்ற விவரம். எழுதி வீட்டாரிடமும் குடும்ப மருத்துவரிடமும் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள். வலிக்கும் இன்று நல்ல மருந்துகள் இருக்கின்றன, வலிநிவாரணப் பிரிவு என்று தனியாகவே மருத்துவமனைகளில் இயங்குகிறது. ஒன்று மட்டும், நோய் வந்திருப்பவருக்கு மனச்சோர்வும் சேர்ந்து வந்திருந்தால் சாக வேண்டும் என்ற ஆசை நோயால் வருவதா சோர்வால் வருவதா என்று அவராலேயே பிரித்துச் சொல்ல முடியாது. சோர்வைக் குணப்படுத்தியதும் மனம் மாறியவர்கள் நிறைய. அதனால் பத்திரம் எழுதுவதற்கு முன் மருத்துவரிடம் மனதையும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

கேள்வி: முயற்சி செய்து பிழைத்தவர் மேல் போலீஸ் கேஸ் வருமா? அதற்குப் பயந்து ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோகாமல் இருந்தார்கள் எங்கள் தெருவில்.

தண்டனை பயம் தேவையில்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவருக்குச் சிகிச்சை தர வேண்டியது அரசின் பொறுப்பு என்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆவது பிரிவே இல்லை. அரசு ஊழியரைக் கடமை செய்யவிடாமல் மிரட்டுவதற்காகச் செய்வது மட்டும் குற்றமாக இருக்கிறது. ஆஸ்பத்திரியில் பதிவு செய்வார்கள், காவலர் வந்து விசாரிக்கவும் கூடும், அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட வீணாக்காமல் 108.

கேள்வி: எங்கள் கிராமத்தில் இரண்டு வருடத்தில் வயதானவர்கள் சிலரை இப்படி இழந்துவிட்டோம். இளைஞர் மன்றம் நடத்துகிறோம், டாக்டர் யாரும் இல்லை. நாங்கள் என்ன செய்ய முடியும்?

நிறைய முடியும் தம்பி. டாக்டர் இல்லாமலே செய்த இரண்டு காரியங்களைச் சொல்கிறேன். இத்தாலியில் வெனிஸ் நகரம் இருக்கிற வெனெத்தோ பகுதியில், தனியாக வாழும் முதியவர்களுக்கு வாரம் இரண்டு முறை போன் செய்து நலம் விசாரிப்பது, அவசரத்துக்கு அழுத்த ஒரு பொத்தான் கொடுப்பது என்று ஒரு சேவை நடத்தினார்கள். 18,641 பேர், 11 வருடம். அந்தப் பகுதிக் கணக்குப்படி அந்தக் கூட்டத்தில் 21 தற்கொலைகள் வரை நடந்திருக்க வேண்டும், நடந்தது 6. பேசுவதற்கு ஒரு ஆள், அவ்வளவுதான் மருந்து. இன்னொன்று நம் கோவாவில்: மனச்சோர்வு லேசாக எட்டிப்பார்க்கத் தொடங்கியிருந்த முதியவர்களிடம், பயிற்சி பெற்ற சாதாரண ஆட்களை அனுப்பினார்கள். தூக்கத்துக்கு யோசனை, பிரச்சினையைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தீர்ப்பது, முதியோர் உதவித்தொகைக்கு மனு போட உதவுவது என்று இப்படிப்பட்ட வேலைகள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இவர்களில் 4 சதவீதம் பேருக்குத்தான் மனச்சோர்வு முற்றியிருந்தது, இந்த உதவி கிடைக்காதவர்களில் 14 சதவீதம்.

நீங்கள் முதலில் ஒரு நோட்டில் ஊரில் தனியாக இருக்கிற எல்லாப் பெரியவர்கள் பெயரையும் எழுதுங்கள். துணையை ஓராண்டுக்குள் இழந்தவர், ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பியவர், காது கேட்காதவர், இவர்களுக்குப் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள். ஒரு பையனுக்கு மூன்று பேர் என்று பிரித்துக்கொண்டு வாரம் இரண்டு தடவை போய்ப் பாருங்கள். உங்களைவிட முன்னாலேயே விஷயம் தெரிந்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள்: உதவித்தொகை கொண்டுவருபவர், ரேஷன் கடைக்காரர், பால் ஊற்றுபவர், கிராம சுகாதார செவிலியர். "ரெண்டு நாளா பால் பாத்திரம் வெளியே வரலை" என்பது அவர்களுக்குத்தான் தெரியும், தெரிந்தால் உங்களுக்கு ஒரு போன் போடச் சொல்லிவையுங்கள்.

விவசாயக் கிராமம் என்கிறீர்கள், அப்படியானால் வயலுக்கு அடிக்கிற மருந்து வீட்டுக்குள் இருக்கக் கூடாது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கம் சிநேகா அமைப்பினர், ஊருக்குப் பொதுவாக ஓரிடத்தில் ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு பூட்டுப் பெட்டி கொடுத்து அதில் மட்டும் மருந்தை வைக்கும் ஏற்பாட்டைச் சோதித்துப் பார்த்தார்கள், அந்த ஊர்களில் முயற்சிகளும் மரணங்களும் குறைந்தன. இலங்கை கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தது, அங்கே தற்கொலை விகிதம் 1995-க்குப் பிறகு ஏறக்குறைய 70 சதவீதம் இறங்கியது. செத்தே தீருவேன் என்று இருப்பவர் வேறு வழி தேடமாட்டாரா என்று ஊரில் கேட்பார்கள். பெரும்பாலானவர்கள் தேடுவதில்லை. அந்த வேகம் சில நிமிடங்களோ சில மணி நேரமோதான், அதைக் கடத்திவிட்டால் பிழைத்துக்கொள்கிறார்கள்.

ஆண்களிடம் உங்களுக்குக் கஷ்டம் இருக்கும். அந்த இத்தாலிச் சேவையிலும் பலன் தெளிவாகத் தெரிந்தது பெண்களிடம்தான், ஆண்களிடம் அவ்வளவாக இல்லை. "எப்படி இருக்கீங்க தாத்தா" என்றால் "இருக்கேன்" என்பதோடு முடிந்துவிடும். அவர்களுக்கு வேலை கொடுங்கள். கோயில் கணக்கு, ஏரி மதகு பார்ப்பது, பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுப்பது, பஞ்சாயத்து நூலகத்தைத் திறந்து மூடுவது, ஏதாவது. அவர் வராவிட்டால் அந்த வேலை நிற்கும் என்ற நிலையில் ஒரு வேலை.

கேள்வி: கல்லூரி மாணவி நான். தாத்தாவுக்குத் தினமும் போன் செய்கிறேன். "சாப்டியா, சாப்டேன், சரி வச்சிடு" என்று பதினைந்து நொடியில் முடித்துவிடுகிறார். என்ன பேசுவது?

சாப்பாட்டைக் கேட்காதே. அவருக்குத் தெரிந்து உனக்குத் தெரியாத ஒன்றைக் கேள். பழைய ஊர்ச் சண்டை, யார் யாருக்குக் கடன் கொடுத்து ஏமாந்தார், உன் அப்பா பள்ளிக்கூடத்தில் எத்தனை தடவை பெயிலானார். அப்பா பெயிலான கதையில் கண்டிப்பாக ஐந்து நிமிடம் தாண்டும்.